தெய்வக் குற்றமா, தெளித்தவன் குற்றமா?

(எருமப்பட்டிக் கூட்டத்தில் பேசியது)



இன்று நான் பேச வந்த விஷயம் சாமியைப் பற்றியதல்ல, விஷத்தைப் பற்றியது. ஆனால் நம் நாட்டில் எதைப் பேசினாலும் சாமி குறுக்கே வந்து நின்றுவிடுகிறது. அதற்கு நான் என்ன செய்வேன்?

கேரளத்தில் காசர்கோடு ஜில்லாவில், அரசாங்கத் தோட்டக் கம்பெனியார் முந்திரி மரங்களின்மேல் எண்டோசல்ஃபான் என்னும் விஷத்தை 1970-களின் கடைசியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் பறந்து தெளித்தார்கள். கீழே கிணறும் ஓடையும் குடிசையும் இருந்தன. பிள்ளைகள் கை கால் முடங்கியும், மூளை வளர்ச்சி குன்றியும் பிறந்தன. தெய்வத்தின் சாபம் என்று நம்பினவர்கள் பலர். தோழர்களே! சாபமிட்ட தெய்வம் ஹெலிகாப்டர் போன வழியே மட்டும் போவானேன்?

இது குதர்க்கமல்ல, இதுதான் பரீட்சை. ஆமதாபாத் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தார் தெளித்த ஊராகிய பத்ரேயில் 117 சிறுவர்களையும், சுமார் 20 கிலோமீட்டர் தள்ளித் தெளிக்காத ஊரில் 90 சிறுவர்களையும் சோதித்தார்கள். தெளிப்பு நின்று பத்து மாதமாகியும் பத்ரே சிறுவர் இரத்தத்தில் விஷம் ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது, பருவமெய்துவதும் தாமதப்பட்டிருந்தது. முடிவு 2003-இல் வெளியாயிற்று. ஆட்சேபித்தவர்களும் உண்டு. ஆட்சேபிக்கட்டும்; சாபத்தை இப்படிச் சோதிக்க எந்தப் பூசாரியாவது சம்மதிப்பாரா?

2001-இல் ஏற்பட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை ஒரு பொருளை நான்கு கேள்வி கேட்கிறது. கெடாமல் கிடக்கிறதா? தண்ணீரில் பாதி அழியவே இரண்டு மாதத்துக்கு மேல், மண்ணில் ஆறு மாதத்துக்கு மேல் ஆனால் அது சந்தேகத்துக்குரியது. உடம்பில் சேருகிறதா? இவ்வகை விஷங்கள் பெரும்பாலும் கொழுப்பில் தங்கிவிடும். புல்லிலிருந்து மாட்டுக்கு, பாலிலிருந்து பிள்ளைக்கு. நெடுந்தூரம் போகிறதா? எண்டோசல்ஃபான் வடதுருவக் காற்றிலும் அகப்பட்டது. கேடு செய்கிறதா? இதற்கு அக்கிரகாரம், சேரி என்ற பேதம் கிடையாது; ஆனாலும் முதலில் குடிப்பவன் தோட்டக் கூலிக்காரன்.

அங்கே லீலாகுமாரி அம்மாள் என்ற விவசாய இலாகா ஊழியர் 1998-இல் வழக்குத் தொடுத்தார். 2011 ஏப்ரலில் உலகத் தடைப் பட்டியலில் அது சேர்ந்தது. அதை முன்பெல்லாம் எதிர்த்துவந்தவர்கள் நம் இந்தியப் பிரதிநிதிகளே! மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு நிறுத்தியது. 2017-இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லிற்று. எந்தப் பரிகாரத்தில் கிடைத்தது இது?

நம் காட்டிலோ விஷத்துக்கு 'மருந்து' என்றே பேர். டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணம் பார்த்திருப்பீர்கள். அது இன்று உடம்புக்குள் போனால் எவ்வளவு கொல்லும் என்பதைத்தான் சொல்லும். எத்தனை வருஷம் மண்ணில் கிடக்கும் என்று சொல்லாது. பச்சை முக்கோணம் என்று நம்பிக் காலி டப்பாவைக் கழுவித் தண்ணீர் மொள்ள வைத்திருக்கிறவர் இக்கூட்டத்திலேயே சிலர் இருப்பீர்கள். அந்த நான்கு கேள்விகளையும் நாளைக்கே கடைக்காரரிடமும் விவசாய ஆபீசரிடமும் போய்க் கேளுங்கள்.