தாலியும் உளியும்

கிறிஸ்தவர் தாலி கட்டலாமா, பொங்கல் வைக்கலாமா? தோட்டத்தில் கல்யாணமோ தை மாதமோ வந்தால் எழும் கேள்வி இது. பக்கத்து வீட்டார் கேட்பார்கள். நம் பிள்ளைகளும் கேட்பார்கள்.

கேள்விக்கு வயது நானூறு. இத்தாலியரான ராபர்ட் தெ நோபிலி என்ற குரு 1606இல் மதுரைக்கு வந்தார். கிறிஸ்தவராவது என்றால் பறங்கியின் உடையையும் உணவையும் ஏற்பது என்றே அங்கே மக்கள் எண்ணி ஒதுங்கி நின்றார்கள். அவர் காவி உடுத்தினார், புலால் விட்டார், தமிழும் வடமொழியும் கற்றுத் தத்துவ போதகர் எனப் பெயர் பெற்றார். குடுமியும் பூணூலும் சந்தனமும் நாட்டு வழக்கம், வழிபாடு அல்ல என்று வாதாடினார். உடனிருந்த குருவே அவர்மீது புகார் எழுதினார். கடைசியில் 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி சில நிபந்தனைகளோடு அவற்றை அனுமதித்தார்.

ஆகவே சிலுவை பொறித்த தாலியைக் கட்டுவதிலும், வாசலில் கோலமிட்டுப் பொங்கிய சோற்றுக்கு ஆண்டவருக்கு நன்றி சொல்வதிலும் தவறு இருப்பதாக நாம் நினைக்கவில்லை. சபைக்குச் சபை கருத்து மாறும், சண்டை வேண்டாம்.

ஆனால் நோபிலி இன்னொன்றையும் நாட்டு வழக்கம் என்று விட்டுவிட்டார். அதுதான் சாதி. மேல்சாதியாருக்கு ஒரு குரு, மற்றவருக்கு வேறு குரு என்று ஏற்பாடாயிற்று. பிற்காலத்தில் கோயிலுக்குள்ளும் பிரிவினை நின்றது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயிலில் சாதியைப் பிரித்த தடுப்பு 1910இல்தான் இடிக்கப்பட்டது. நம் பாட்டன் பூட்டன் கப்பலேறியபோது இதையும் மூட்டையில் கட்டிக்கொண்டுதான் வந்தார்கள். ஜெபக்கூட்டத்தில் ஒரே பாயில் உட்காருகிறோம். பெண் கேட்கப் போகும்போது மட்டும், "நீங்க எந்த ஆளுங்க?" என்று குரலைத் தாழ்த்துகிறோம். தாலியைப் பற்றி இத்தனை கேட்கும் நாம் இதைப் பற்றி யாரிடமும் கேட்பதில்லை!

அடுத்தது வேலை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) முன்சீபாக இருந்தவர், கத்தோலிக்கர். கைக்கூலியைக் கண்டித்து நீதிநூலில் பாடினார். பெண் கல்விக்காக எழுதினார். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் சொந்தப் பணத்தைக் கொண்டு பசித்தவருக்குக் கஞ்சி வார்த்தார். எல்லாச் சமயத்தாரும் பாடும்படி அவர் இயற்றிய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் இன்றும் கச்சேரி மேடைகளில் ஒலிக்கின்றன.

அவருக்கு நீதிமன்றம் இருந்தது. நமக்கு உளி இருந்தது. பால்மரம் வெட்டிய பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். உளியை ஆழமாக இறக்கினால் மரத்தில் காயம் விழும். அன்று மங்கில் பால் கூடலாம். ஆனால் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். சில வருடம் கழித்து அதே பக்கத்தை வெட்ட வருகிறவர் திண்டாடுவார். யார் செய்த காயம் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

செம்பனையிலும் அப்படித்தான். பழுக்காத குலையை வெட்டி எண்ணிக்கை காட்டலாம். உதிரிப் பழத்தைப் பொறுக்காமல் மட்டையால் மூடிவிட்டு நடக்கலாம். நன்றாகப் பழுத்து எண்ணெய் ஏறியது அந்த உதிரிப் பழம்தான். மாலை ஜெபம் முடிந்ததும், அன்றைக்கு வெட்டிய குலையைப் பற்றியும் பிள்ளைகள் முன்னால் பேசலாமே.