குதிகாலில் நடந்து காட்டுங்கள்

உட்கார்ந்தே பேசுகிறேன், மன்னிக்கவும். "ஏன்டா, காலுக்கு என்னாச்சு?" என்று காலையிலிருந்து எல்லோரும் கேட்கிறீர்கள். மைக்கில் ஒரே தடவையாகச் சொல்லிவிடுகிறேன்.

26 வயதில் ஆரம்பித்தது. நடந்தால் செருப்பு 'சட், சட்' என்று அடிக்கும். சமதரையிலேயே கால் தடுக்கும். நம் செட் நண்பன் ஒருவன் கல்யாணத்தில் பந்தியிலேயே விழுந்தேன். (அன்று நான் தண்ணி போட்டிருந்ததாக நம்புகிறவர்கள் இன்னும் இங்கே உண்டு. இல்லைங்க.) முதலில் பார்த்த டாக்டர், முதுகில் டிஸ்க் நரம்பை அழுத்துகிறது என்றார். ஸ்கேனில் லேசான பிதுக்கமும் இருந்தது. சைட்டில் அலைகிற சிவில்காரன் முதுகில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்! ஒன்றரை வருஷம் பெல்ட். ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்தாயிற்று. "தசை வியாதியாக இருக்குமோ?" என்று கேட்டதற்கு, "மாடிப்படி ஜோராக ஏறுறீங்களே" என்று சிரித்தார்.

ஆபரேஷனுக்கு முன் இன்னொரு நரம்பியல் டாக்டரிடம் போனேன். ஸ்கேனை அவர் பிரிக்கவே இல்லை. "குதிகாலில் நடந்து காட்டுங்க" என்றார். முடியவில்லை. பாதத்தை மேலே தூக்கும் தசை, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருப்பது, போய்விட்டிருந்தது. தொடையைத் தூக்கச் சொல்லி ஒரு கையால் அழுத்தினார், இறங்கிவிட்டது. ஆனால் முழங்காலை நீட்டச் சொன்னபோது முழு பலத்தோடு அழுத்தியும் அவரால் மடக்க முடியவில்லை. தொடு உணர்ச்சியும் சரியாக இருந்தது.

சுவரில் விரிசல் எந்தச் சாய்வில் ஓடுகிறது என்று பார்த்தே அஸ்திவாரம் எங்கே இறங்கியிருக்கிறது என்று நாம் சொல்வோம் இல்லையா, அதே வேலைதான். சிறுவர்களுக்கு வரும் டுஷேன் நோய் இடுப்பிலும் தொடையிலும் தொடங்கும். இன்னொன்று முகத்திலும் தோள்பட்டையிலும். எனக்கு வந்தது கீழே பாதத்தில் தொடங்கி மேலே ஏறும், தொடையின் முன்தசையை மட்டும் பல வருஷம் விட்டுவைக்கும். அந்தத் தசைதான் படி ஏற்றி என்னை ஏமாற்றியது.

ரத்தத்தில் சி.கே. அளவு கொஞ்சம்தான் கூடுதல். தசையில் துளி எடுத்துப் பார்த்ததில் ஓரம் கட்டிய குமிழ்கள். கடைசியில் மரபணுப் பரிசோதனை முடிவு சொன்னது: ஜி.என்.இ. மயோபதி. ஜப்பானில் நோனாகா 1981-ல் விவரித்த நோய். மரபணுவைக் கண்டுபிடித்தது 2001-ல். சியாலிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருளை உடல் தயாரிப்பதில் கோளாறு. அதையே மாத்திரையாகக் கொடுத்த பெரிய ஆய்வு 2017-ல் தோற்றது. ஜப்பான் மட்டும் 2024-ல் அதற்கு அனுமதி கொடுத்தது. நான் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. கணுக்காலுக்குப் பிளாஸ்டிக் பட்டை போட்டிருக்கிறேன், அது உதவுகிறது.

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய் வரும். அவர்கள் அத்தை மகனும் மாமன் மகளும். "நான் பெத்ததுதானே" என்று அம்மா அழுதது இன்னும் நிற்கவில்லை. தம்பிக்கு 24 வயது. அவனுக்கும் 4-ல் 1 வாய்ப்பு. போன பொங்கலன்று கூடத்தில் அவனைக் குதிகாலில் நடக்கச் சொன்னேன். நன்றாகவே நடந்தான். ஆனால் இது வருகிற வயது இனிமேல்தான். ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்கிறான், "தெரிஞ்சு என்னண்ணா பண்றது?" என்று. வற்புறுத்த எனக்கு மனமில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மட்டும் செய்துகொள் என்றேன். பதில் சொல்லவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது பாதம் தொங்கினால், முதுகில் கத்தி வைக்குமுன் சி.கே. பாருங்கள். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. மேடையிலிருந்து இறங்க ரெண்டு பேர் கை கொடுங்கப்பா.