நோட்டா, சீட்டா?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஹாஸ்டலில் சீட்டாட்டம் கூடாது என்றார் வார்டன். அதனால் நாங்கள் ஐந்து பேர் 'நோமிக்' ஆடினோம். அமெரிக்காவில் எர்ல்ஹாம் கல்லூரித் தத்துவப் பேராசிரியராக இருந்த பீட்டர் சூபர் உருவாக்கியது. 1982-ல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் வெளிவந்தது. தொடக்கத்தில் 29 விதிகள். தன் முறை வரும்போது ஒரு விதி மாற்றத்தை முன்மொழிய வேண்டும், வாக்கெடுப்பு, பிறகு பகடை. 100 புள்ளி எடுத்தால் வெற்றி. விதியை மாற்றுவதுதான் ஆட்டமே!

முன்மொழிவைச் சீட்டில் எழுதுவோம். நிறைவேறியதை நோட்டில் ஏற்றுவது என் வேலை. 307-ஆம் விதி, 'பகடையில் 6 விழுந்தால் கூடுதலாக 5 புள்ளி.' நான் 15 என்று எழுதிவிட்டேன். பத்து நாள் யாரும் கவனிக்கவில்லை. என் ரூம்மேட்டுக்கு முதல் நாளே இரண்டு ஆறு விழுந்தது. அந்தப் புள்ளிகளோடு பட்டியல் கதவிலேயே ஒட்டியிருந்தது. பத்தாம் நாள் 102 தொட்டு, "ஜெயிச்சுட்டேன்டா!" என்று குதித்தான். ஒருவன் பழைய சீட்டை எடுத்து நீட்டினான். அதன்படி 82தான்.

106-ஆம் விதி தெளிவானது: வாக்கெடுப்புக்கு வந்த வடிவமே செல்லும். அவனோ, "பத்து நாளா எல்லாரும் நோட்டைப் பார்த்துத்தானே ஆடினோம்? அதானே வழக்கம்?" என்றான். 212-ன்படி, விதி மௌனமாகவோ முரணாகவோ தெளிவில்லாமலோ இருந்தால் நடுவர் ஆட்ட வழக்கத்தைப் பார்க்கலாம். நடுவர் யார்? ஆடுபவருக்கு முந்தைய ஆட்டக்காரர். அன்று அது நான்!

"சீட்டுதான் செல்லும்" என்றேன். தீர்ப்பை மாற்ற மற்ற எல்லோரும் ஒருமனதாகச் சேர வேண்டும். ஒருவன் கை தூக்கவில்லை. அந்த செமஸ்டர் முழுக்க அவன் என்னோடு பேசவில்லை.

தீர்ப்பு சரிதான், தீர்த்த ஆள்தான் சரியில்லை. நடுவரின் தகுதியையும் அந்த நடுவரே தீர்மானிக்கலாம் என்கிறது விதி. அதற்காக, பிழை செய்தவனே நீதிபதியாக உட்காரலாமா? "தப்பு என்னுது" என்று முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

1993 முதல் மின்னஞ்சலில் நடந்துவரும் 'அகோரா' என்ற நோமிக்கில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. யாரிடம் என்ன இருக்கிறது என்று பொறுப்பாளர் அறிக்கை வெளியிடுவார். பிழை இருந்தால் யாரும் சொல்லலாம். ஒரு வாரம் எவரும் மறுக்காவிட்டால், தவறாக இருந்தாலும் அதுவே உண்மை நிலையாகிவிடும். பழைய ஆட்டத்தையெல்லாம் பிரித்துப் பின்ன வேண்டியதில்லை. எங்களுக்கும் அது இருந்திருந்தால் அவன் புள்ளிகள் நிலைத்திருக்கும்.

இன்று சைட்டில் நிற்கும்போதும் இதே கதைதான். அப்ரூவ்டு டிராயிங் ஒன்று, மேஸ்திரி கையில் இருப்பது ஒன்று. கான்கிரீட் போடுவதற்கு முன் கேட்டால் ஒரு நிமிட வேலை. போட்ட பிறகு கேட்டால் சண்டை.

மதியம் பொதுக்குழுவில் சென்ற ஆண்டு மினிட்ஸ் வாசிப்பார்கள். சாப்பாட்டு மயக்கத்தில் கை தூக்கிவிடாமல், தயவுசெய்து காது கொடுத்துக் கேளுங்கள்.

அந்த ரூம்மேட் இன்று மூன்றாவது வரிசையில் இருக்கிறான். டேய், அந்த 1 நான் போட்டதுதான். மன்னிச்சுக்கோ.