காரின் கன்வர்ட்டரைக் கழற்றிவிடலாமா?



பிழைப்பின் பொருட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறியிருக்கும் நம்மில் பலர், ஒரே பெட்ரோல் காரைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பேணி ஓட்டி வருகிறோம். அத்தகைய கார் ஒரு நாள் மேம்பாலம் ஏறத் திணறுகிறது. எஞ்சின் விளக்கு அணையாமல் எரிகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால், “கன்வர்ட்டர் அடைத்துவிட்டது, புதியது போடுவதென்றால் பெருஞ்செலவு, இதைக் கழற்றிவிட்டு வெறும் குழாயைப் பற்றவைத்துத் தருகிறேன்” என்கிறார் மிஸ்திரி. வேற்று மொழியில் நெடுநேரம் வாதாட இயலாத நாம் சரியென்று தலையசைத்துவிடுதல் இயல்பு. அவ்வாறு தலையசைப்பதற்கு முன் ஆராய வேண்டியவை எவை என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கேட்டலிடிக் கன்வர்ட்டர், அதாவது வினையூக்கி மாற்றி, எஞ்சினுக்கும் சைலன்ஸருக்கும் இடையே புகைக்குழாயில் அமைந்த ஓர் உலோகப் பெட்டி. அதனுள்ளே தேனடை போன்ற பீங்கான் கட்டி ஒன்று உண்டு. அதில் ஒரு சதுர அங்குலத்திற்கு ஏறக்குறைய 400 கண்கள் இருக்கும். அக்கண்களின் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் மிக மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். சூடான புகை அவற்றின்மீது படும்போது, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு கரியமில வாயுவாகிறது. எரியாது எஞ்சிய பெட்ரோல் ஆவி கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறுகிறது. நைட்ரஜன் ஆக்ஸைடுகள் தீங்கற்ற நைட்ரஜனாகின்றன. நல்ல நிலையிலுள்ள கன்வர்ட்டர், சூடேறிய பின், இந்நச்சுகளில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் மாற்றிவிடும்.

நம் நாட்டில் 1995 ஏப்ரல் முதல், தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களிலும் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் உலோகப் பூச்சைக் கெடுத்துவிடுமாதலால், ஈயமற்ற பெட்ரோலும் அந்நகரங்களுக்கு அப்போதே வந்தது. 2000ஆம் ஆண்டில் ஈயப் பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது.

இனி, மிஸ்திரியிடம் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி: கன்வர்ட்டர் உண்மையிலேயே கெட்டுவிட்டதா? விளக்கு எரிவதை மட்டும் கொண்டு அவ்வாறு முடிவு கட்டலாகாது. ஆக்ஸிஜன் சென்சார் பழுதானாலும், புகைக்குழாயில் கசிவு இருந்தாலும், பழி கன்வர்ட்டர் மேல் விழுவதுண்டு. ஆகவே ஸ்கேனரைப் பொருத்திக் குறையைப் படிக்கச் சொல்ல வேண்டும். அடைப்பு என்று ஐயமிருந்தால், முன்னுள்ள ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி, அத்துளையில் அழுத்தமானியை வைத்துப் பார்க்கலாம். எஞ்சினை முடுக்கும்போது அழுத்தம் மிகுதியாக ஏறினால் அடைப்பு உறுதி.

இரண்டாவது கேள்வி: அதைக் கெடுத்தது எது? கன்வர்ட்டர் தானாகக் கெடுவது அரிது. ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ சரியாக வேலை செய்யாவிடில், எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் சென்று அங்கே எரிகிறது. வெப்பம் எல்லை மீறிப் பீங்கான் உருகி அடைத்துக்கொள்கிறது. எஞ்சின் ஆயிலைக் குடித்தால், ஆயிலிலுள்ள பாஸ்பரஸ் பூச்சின்மேல் படிந்து அதைச் செயலற்றதாக்குகிறது. உயரமான வேகத்தடையில் அடிபட்டுப் பீங்கான் உடைவதும் உண்டு. மூல நோயைத் தீர்க்காமல் புதியதைப் பொருத்தினால் அதுவும் கெடும். கழற்றி எறிந்தாலோ, நோய் எஞ்சினிலேயே தங்கிவிடும்.

மூன்றாவது கேள்வி: கழற்றினால் நமக்குக் கிடைப்பது என்ன? அடைத்த கன்வர்ட்டரை எடுத்தால் வண்டி இலகுவாக ஓடும் என்பது மெய்தான். ஆயினும், நல்ல கன்வர்ட்டரைப் பொருத்தினாலும் அதே பலன் கிட்டும். கழற்றிய பின் விளக்கு பெரும்பாலும் தொடர்ந்து எரியும். நாளை வேறு கோளாறு நேர்ந்தால் நமக்கு எச்சரிக்கை கிடைக்காது. பற்றவைத்த இடம் கசிந்தால் நச்சு வாயு வண்டிக்குள்ளேயே புகக்கூடும். பழைய கன்வர்ட்டரிலுள்ள உலோகங்களுக்கு நல்ல விலை உண்டென்பதையும் மறத்தலாகாது. குறைந்த கூலிக்குக் கழற்றித் தர முன்வருபவரின் தாராளத்திற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சட்டத்தையும் எண்ணிப் பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு, 2019 திருத்தத்திற்குப் பின், காற்று மாசு விதிகளை மீறி வண்டி ஓட்டுவோருக்கு 3 மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. ஓட்டுநர் உரிமமும் 3 மாதத்திற்குப் பறிபோகலாம். பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போது வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டியாக வேண்டும். மாறுதலாகி வேறு மாநிலம் செல்லும்போது வண்டியை விற்க நேர்ந்தால், வாங்குபவரும் அடியில் குனிந்து பார்ப்பார். புகைச் சான்றிதழ் கிடைத்துவிட்டால் போதும் என்று எண்ணுவோரும் உளர். பெட்ரோல் வண்டிக்கான அச்சோதனை நைட்ரஜன் ஆக்ஸைடுகளை அளப்பதில்லை. எனவே சான்றிதழ் கையிலிருப்பதால் மட்டும் நம் வண்டியின் புகை தூயதாகிவிடாது.

செலவு பெரிது என்பதை நாம் மறுக்கவில்லை. மாதச் சம்பளக் குடும்பத்திற்கு அது கனத்த சுமை. ஆகவே முதலில் உத்தரவாதச் சீட்டைப் பார்ப்போம். பிறகு பிளக், காயில், சென்சார் ஆகியவற்றைச் சரிசெய்து ஓட்டிப் பார்ப்போம்; சில வேளைகளில் அத்துடன் தொல்லை தீர்ந்துவிடும். உருகிய பீங்கானை எந்த மருந்தும் மீட்காது. அப்போது நம் வண்டிக்கென அங்கீகரிக்கப்பட்ட கன்வர்ட்டரையே வாங்கி, பழையதன் மதிப்பைக் கழித்துக்கொள்ளுமாறு கேட்போம். வண்டியின் விலையைவிடச் செலவு மிகுமானால், அவ்வண்டிக்கு ஓய்வளிக்கும் காலம் வந்துவிட்டதென்று கொள்வோம்.

வடநாட்டுக் குளிர்காலத்தில், தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மேலெழ மாட்டாமல் புகையை நம் தலைக்கு மேலேயே நிறுத்தி வைக்கிறது. அக்காற்றைத்தான் நம் குழந்தைகளும், அடுத்த வீட்டுக் குழந்தைகளும், சாலையோரம் தேநீர் விற்பவரும் சுவாசிக்கின்றனர். கன்வர்ட்டரைக் கழற்றுவதால் செலவு ஒழிந்துபோவதில்லை. நம் பையிலிருந்து அவர்கள் மூச்சுக்கு அது இடம் மாறுகிறது, அவ்வளவே. நம்மை ஏற்று வாழ்வளித்த ஊருக்கு அத்தகைய பாரத்தை நாம் ஏற்றலாகாது.