பழைய குழாயும் புதிய குழாயும்



மெட்ரிக் அளவைச் சட்டம் 1956ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆயினும் இரும்புக் குழாயை நாம் அங்குலத்தாலேயே அழைக்கிறோம். 2 அங்குல இரும்புக் குழாயின் வெளிவிட்டம் ஏறக்குறைய 60 மில்லிமீட்டர். அதற்கு ஈடாகக் கடையில் தரும் பி.வி.சி. குழாயினதோ 63. ஒன்றுக்கு வெட்டிய இணைப்பு மற்றதற்குப் பொருந்தாது. சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பியால் இறுக்குவது நம் ஊர் வழக்கம். குழாய் சாக்கடையோரம் சென்றால், நீர் நிறுத்திய வேளையில் அழுக்கு அவ்விடுக்கு வழியே உள்ளே புகும். மறுநாள் குழந்தைகள் பருகுவது அதனையே.

மரை மட்டும் மாறவில்லை. இன்றும் இவ்வளவுக் குழாய்க்கு அங்குலத்துக்கு 11 மரைகளே. ஆகவே இரும்பு முனையில் மரை வெட்டி, இரும்பு சாக்கெட் பூட்டி, வெளிமரையுள்ள பிளாஸ்டிக் இணைப்பில் டெப்லான் நாடா சுற்றி அதனுள் திருகுக. பிளாஸ்டிக்கின் உள்மரையில் இரும்பை முறுக்கலாகாது, பிளந்துவிடும். இணைப்பின் மறுமுனையில் 63 மில்லிமீட்டர் குழாயைப் பசையிட்டு ஒட்டி, நன்கு உலர்ந்தபின் நீர் விடுக.