மலைச்சரிவில் வட்டெறி ஆட்டம்



ஆட்டம் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது சமதரை. கால்பந்தாயினும் கபடியாயினும், மேடு பள்ளங்களை நிரவிச் சுண்ணாம்புக் கோடு இட்ட பின்னரே ஆடத் தொடங்குகிறோம். இது பழைய மரபே. நூலறிவு நிரம்பாமல் அவையில் பேசப் புகுவதை, அரங்கு இழைக்காமல் வட்டாடுவதற்கு ஒப்பிடுகிறார் திருவள்ளுவர். ஆயினும், நிலத்தைத் திருத்தாமல், குன்றையும் மரத்தையும் உள்ளவாறே அரங்காகக் கொள்ளும் ஆட்டம் ஒன்று உலகில் உண்டு. டிஸ்க் கோல்ஃப் என்பது அதன் பெயர். நாம் அதனை வட்டெறி ஆட்டம் எனலாம். வள்ளுவர் குறித்த வட்டாட்டம் வேறு. எனினும் அந்தப் பழஞ்சொல் இதற்கு நன்கு பொருந்துகிறது.

கோல்ஃப் ஆட்டத்தில் சிறு பந்தைக் கோலால் அடித்துக் குழியில் சேர்ப்பர். வட்டெறி ஆட்டத்தில் கோலும் இல்லை, பந்தும் இல்லை. ஒரு சாண் அகலத்தைவிட மிகாத பிளாஸ்டிக் வட்டு ஒன்றைக் கையால் எறிந்து, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையில் விழச் செய்ய வேண்டும். பொதுவாகப் பதினெட்டுக் கூடைகள் இருக்கும். எல்லாக் கூடைகளையும் குறைந்த எறிகளில் முடிப்பவரே வென்றவர்.

இதன் வரலாறு சுவையானது. அமெரிக்காவில் பிரெட் மாரிசன் என்பவர் உருவாக்கிய பறக்கும் தட்டை, 1957ஆம் ஆண்டில் வாம்-ஓ என்னும் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவே ஃபிரிஸ்பி என்று பெயர் பெற்றது. அந்நிறுவனத்தில் பணியாற்றிய எட் ஹெட்ரிக், தட்டு தள்ளாடாமல் பறக்குமாறு அதன் மேற்பரப்பைச் சீர்செய்தார். பின்னர் 1975இல், கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் இந்த ஆட்டத்துக்கு முதல் நிலையான களத்தை அமைத்தார். தொடக்கத்தில் கம்பங்களே இலக்குகளாக இருந்தன. வட்டு கம்பத்தைத் தொட்டதா இல்லையா என்ற வழக்கு எழாதிருக்க, சங்கிலிக் கூடையை வடிவமைத்து 1977இல் காப்புரிமையும் பெற்றார். விரைந்து வரும் வட்டின் வேகத்தைச் சங்கிலிகள் உண்டுவிடுகின்றன. வட்டு அமைதியாகக் கூடையில் விழுகிறது.

அதே மாநிலத்தின் சாண்டா குரூஸ் நகரில், டிலவியாகா என்னும் பொதுப் பூங்காவில் 1984இல் அமைந்த களம், மலையும் மரமும் கலந்த களங்களுக்குச் சிறந்த சான்று. அங்கே ஒரு கூடை பள்ளத்தில் இருக்கும். மற்றொன்று மேட்டில் இருக்கும். இடையில் மரங்கள் நிற்கும். ஆடுகிறவர் கைவலிமையை மட்டும் நம்பினால் தோற்பார்.

ஏன் என்று பார்ப்போம். வட்டு தன் சுழற்சியால் நிலை குலையாமல் பறக்கிறது. வலக்கையர் ஒருவர் உடலுக்குக் குறுக்கே கையைக் கொணர்ந்து வீசினால், வேகம் தணியும்போது வட்டு இடப்பக்கம் சாய்ந்து இறங்கும். மேட்டை நோக்கி எறியும்போது அதன் முன்விளிம்பு மிகவும் உயர்ந்துவிட்டால், காற்றின் தடை மிகுந்து இடைவழியிலேயே விழும். பள்ளத்தை நோக்கி எறிந்தாலோ, எண்ணியதைவிட நெடுந்தொலைவு மிதந்து செல்லும். எதிர்க்காற்று வட்டைத் தூக்கும். பின்காற்று அதனை அழுத்தும். ஆகவே எறிவதற்கு முன் சரிவு எவ்வளவு, காற்று எத்திசை, எந்த இரு மரங்களுக்கிடையே வழி என்று நின்று பார்க்க வேண்டும். பௌதிக வகுப்பில் கரும்பலகையில் கண்ட பாடம் இங்கே கண்முன் நிகழ்கிறது.

இந்த ஆட்டத்தின் ஒழுக்கமும் அறியத்தக்கது. வட்டு எங்கே விழுந்ததோ அங்கிருந்தே அடுத்த எறி. குறுக்கே கிளை நிற்கிறது என்று அதனை முறிக்கக் கூடாது. மரத்தைச் சுற்றி வழி காண வேண்டும். பெரும்பாலும் நடுவர் இருப்பதில்லை. தன் எறிகளைத் தானே உண்மையாக எண்ணிக்கொள்ள வேண்டும். பூங்கா எல்லாருக்கும் உரியதாதலின், நடப்பவர் கடந்து சென்ற பிறகே எறிய வேண்டும்.

ஆயினும், நிலத்தைத் திருத்தாத ஆட்டம் நிலத்தைப் புண்படுத்தாத ஆட்டம் ஆகிவிடாது. வட்டுகள் ஓயாது மோதினால் மரப்பட்டை காயப்படுகிறது. பல கால்கள் ஒரே சரிவில் நடந்தால் மண் இறுகி, மழைநீர் உட்புகாமல் மேல்மண்ணை அரித்துச் செல்கிறது, வேர்கள் வெளித்தோன்றுகின்றன. ஆதலால் நல்ல களங்களைக் காப்போர் மரச்சிராய்களைப் பரப்புகின்றனர், இளமரங்களுக்கு வேலியிடுகின்றனர், கூடைகளை அவ்வப்போது இடம் மாற்றி மண்ணுக்கு ஓய்வு தருகின்றனர்.

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய பகுதியில் வாழும் மாணவர்கள், ‘நமக்கும் ஒரு மலை இருக்கிறதே, அங்கே ஆடலாமா?’ என்று கேட்கக்கூடும். ஆடலாகாது என்பதே என் விடை. அம்மலை வழிபாட்டுக்குரியது என்பது ஒரு காரணம். மற்றொன்றும் உண்டு. பெரிதும் மொட்டையாகிவிட்டிருந்த அதன் சரிவுகளில், 1980களின் இறுதி முதல் பலர் கூடி மரக்கன்றுகளை நட்டு, கோடைத்தீயிலிருந்து காத்து வளர்த்து வந்திருக்கின்றனர். பாறைமேல் படிந்த சிறிதளவு மண்ணில் வேரூன்றிய மரங்கள் அவை. ஒரு மாலைப் பொழுதின் மகிழ்ச்சிக்காக அவற்றின் பட்டையைக் காயப்படுத்துவது முறையன்று.

அப்படியானால் எங்கே ஆடுவது? சமமான திடல் இல்லை என்ற காரணத்தால் விளையாட்டு வேளை வீணாகக் கழிவதைப் பல பள்ளிகளில் கண்டிருக்கிறேன். அத்தகைய பள்ளிகளுக்கே இந்த ஆட்டம் ஏற்றது. வளாகத்தில் மேடு பள்ளமும் இரண்டொரு வேப்பமரமும் இருந்தால் போதும். மரத்தில் ஆணி அடிக்காமல், தனியே ஒரு கம்பம் நட்டு, அதில் பழைய சைக்கிள் டயர் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள், அதுவே இலக்கு. ஆசிரியரின் அனுமதியோடு ஐந்தாறு இலக்குகள் அமைத்து, மரங்களைச் சுற்றி வேலியும் இட்டால் களம் ஆயத்தம்.

மலைக்குச் செல்லும்போது வட்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஆட்டத்தில் பழகிய கண்ணை மட்டும் உடன் கொண்டு செல்லுங்கள். ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறும் கற்பாதையில் நின்று, நீர் எவ்வழி இறங்குகிறது, காற்று எப்பக்கம் வீசுகிறது, எந்த மரம் எந்தப் பாறையைப் பற்றி நிற்கிறது என்று பாருங்கள். நிலத்தை இவ்வாறு உற்று நோக்கக் கற்றவர் அதனைக் காக்கவும் கற்பார்.