ஓட்டமும் சுற்றுலாவும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

கல்லூரி நாட்களில் நான் பஸ்ஸைப் பிடிக்க மட்டும்தான் ஓடியிருக்கிறேன். என் அறைத் தோழர்கள் சாட்சி. நாற்பது வயதில் டாக்டர் 'சர்க்கரை' என்று சொன்ன பிறகுதான் ஓட ஆரம்பித்தேன். ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. ஞாயிறு என்றால் பயிற்சி, லீவு என்றால் வெளியூர்ப் பந்தயம். ஒருநாள் என் மனைவி கேட்டாள்: "ஏங்க, உங்க லீவெல்லாம் ஓட்டத்துக்கே போயிடுதே, எங்களுக்குன்னு ஏதாவது மிச்சம் இருக்கா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

2020 பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தானில் 21 கி.மீ. ஓடப் பெயர் கொடுத்திருந்தேன். 2008-இல் தொடங்கிய ஓட்டம் அது, செம்மண் பாதை. ஜெயிப்பதைவிட ஓடுகிற சந்தோஷமே பெரிது என்பது அதன் நோக்கம். இந்த முறை எல்லோரும் சேர்ந்து போவது, ஓட்டம் முடிந்ததும் விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி வழியாகக் கச்சிராயபாளையம் போய், அப்பாவோடு நான்கு நாள் தங்கிக் கல்வராயன் மலை பார்ப்பது என்று முடிவு செய்தோம். சென்னையில் வளர்ந்த என் மகள், "நம்ம ஊர் விழுப்புரம் மாவட்டம்தானேப்பா?" என்றாள். "2019 நவம்பர் 26-லிருந்து நாம தனி மாவட்டம்மா" என்று பெருமையாகச் சொன்னேன்.

இங்கேதான் ஒரு தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன். ஞாயிறு ஓட்டம், செவ்வாய்க்கிழமை மேகம் அருவி. நீண்ட தூரம் ஓடியவர்களுக்குத் தெரியும், தசைவலி அன்றைவிட இரண்டாம் நாள்தான் கூடும். ஏறுவதுகூடப் பரவாயில்லை, இறங்கும்போது உடம்பின் பாரத்தைத் தாங்கிப் பிடிப்பது தொடைத் தசை. அருவிக்கு இறங்கும் பாதையில் பத்தடி வைத்தேன்; ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். எழுபத்திரண்டு வயது அப்பா சிரித்தார். "நீ இங்கேயே இருடா, பாப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன்" என்று பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்பத்தான் நீங்க ஒரு இடத்துல நிலையா உட்கார்ந்து பார்க்கிறேன்" என்றாள்.

இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வந்தார்கள். அருவியில் தண்ணீர் நூலாகத்தான் விழுந்ததாம். ஆனால் மகளின் கை நிறையக் கடுக்காய், வாய் நிறையக் கதை. மலைவாழ் மக்கள் ஜாகீர்தார்களுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தது, 1976-இல் அந்த முறை ஒழிந்தது, மலையில் சாமையும் மரவள்ளியும் விளைவது, தாத்தா வாலிபத்தில் நடந்தே மலையேறிப் புளி வாங்கி வந்தது என்று அடுக்கினாள். பாதிக் கதையை அப்பா எனக்கே சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அடுத்த மாதம் ஊரடங்கு வந்தது. மறுவருஷம் அப்பா காலமாகிவிட்டார். பேத்தியோடு அவர் போன கடைசி நடை அதுதான்.

2024 ஜூனில் விஷச்சாராயம் குடித்து நம் ஊரில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாடெங்கும் அதே செய்தி. மகளை ஹாஸ்டலில், "உங்க ஊரா அது?" என்று கேட்டிருக்கிறார்கள். போனில் சொன்னாள்: "ஆமான்னு சொன்னேம்பா. செத்தவங்க எங்க ஊர்க்காரங்கன்னு சொன்னேன். அப்புறம் தாத்தாவோட அருவிக்குப் போனதையும் சொன்னேன்." அன்றைக்கு என் கால் வலித்தது நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே, ஓடுகிற நண்பர்களே! பந்தயத்தை முதலில் வையுங்கள், சுற்றுலாவைப் பின்னால் வையுங்கள். முதலில் ஊர் சுற்றினால் உங்கள் கால் களைத்துவிடும். வீட்டாருக்கும் பந்தயக் கவலையிலேயே பொழுது போகும். மறுநாளுக்குக் கோமுகி அணையும் கரியாலூர்ப் படகும் போதும். அருவியை நான்காம் நாளுக்குத் தள்ளுங்கள். ஊரில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். பந்தயம் அடுத்த வருஷமும் வரும்.